தார் பாலைவனத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

(ராஜஸ்தானின் லூணி ஆற்றுப் படுகையைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. மேற்கு ராஜஸ்தானில் நெடுங்காலம் நிலத்தடி நீர் ஆய்வாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற கட்டுரையாளரே பதில் சொல்கிறார்.)

● லூணி ஆறு கடலில் கலப்பதில்லை, மழைக்காலத்தில் சில நாட்கள்தான் ஓடும் என்கிறீர்கள். அப்படியானால் அதை ஓடை என்றுதானே சொல்ல வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

காவிரிக்கரையில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள். ஆடிப்பெருக்கன்று ஆற்றில் தண்ணீர் இல்லாமல் குழாயடியில் பூஜையை முடித்துக்கொண்ட ஆண்டுகள் உங்கள் பக்கமும் உண்டு. அதற்காகக் காவிரியை யாரும் ஓடை என்று சொல்லிவிடவில்லை.

லூணி, அஜ்மீருக்குப் பக்கத்தில் புஷ்கர் பள்ளத்தாக்கை ஒட்டிய நாக மலையில் பிறக்கிறது. அங்கே அதற்குச் சாகர்மதி என்று பெயர். கோவிந்த்கர் அருகில் புஷ்கரிலிருந்து வரும் ஓர் ஓடை சேர்ந்த பிறகுதான் லூணி. நாகோர், பாலி, ஜோத்பூர், பார்மேர், ஜாலோர் மாவட்டங்களின் வழியாகத் தென்மேற்கில் ஏறக்குறைய 495 கிலோமீட்டர் போய், குஜராத்தின் கட்ச் ரண் என்ற உப்புச் சதுப்பில் கரைந்துவிடுகிறது. படுகையின் பரப்பு சுமார் 37,000 சதுர கிலோமீட்டர். சுக்ரி, பாண்டி, ஜவாய் போன்ற துணையாறுகள் எல்லாம் ஆரவல்லி மலையின் மேற்குச் சரிவிலிருந்து இறங்கி இடது கரையில் சேர்கின்றன. வலது கரையில் ஜோஜரி ஒன்றுதான். அந்தப் பக்கம் மணல். பெய்கிற மழை ஓடத் தொடங்கும் முன்பே மண் குடித்துவிடும்.

இந்த ஆற்றில் வெள்ளம் வருவதை ஒரு முறையாவது அருகில் நின்று பார்க்க வேண்டும். மலையில் மழை பெய்து பல மணி நேரம் கழித்து, வெயில் காயும் வறண்ட மணலில் வெள்ளத்தின் தலை வந்து சேரும். முதலில் வருவது தண்ணீரே இல்லை. ஆட்டுப் புழுக்கை, முள்சுள்ளி, எருக்கம் இலை, பழுப்பு நிற நுரை. அதன் பின்னால் ஒரு சாண் உயரத் தண்ணீர், மனிதர் நடக்கும் வேகத்தில். கூடவே நடந்து போகலாம். காலடியில் மணலுக்குள் இருக்கும் காற்று கொப்புளம் கொப்புளமாக மேலே வந்து சீறும். போகப் போகத் தண்ணீர் குறையும், ஏனென்றால் பாதி கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. சிறிய வெள்ளமாக இருந்தால் உங்கள் கண்முன்னாலேயே நின்று, இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

போனது எங்கே? ஆற்று மணலுக்கு அடியில். லூணியின் மேல் பகுதியிலும் நடுப்பகுதியிலும் கரையோரக் கிணறுகள் வாழ்வது இந்தத் தண்ணீரில்தான். ஆறு என்பது கண்ணுக்குத் தெரிகிற நீரோட்டம் மட்டும் என்று வைத்துக்கொண்டால் பாலைவனத்தில் ஆறே கிடையாது. மணலையும் சேர்த்துக்கொண்டால் லூணி ஆண்டு முழுவதும் இருக்கிற ஆறு.

● லூணியில் பாலோத்ரா என்ற ஊர் வரை நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்பு என்று எழுதியிருந்தீர்கள். ஒரே ஆற்றில் இது எப்படி? கடல் பக்கத்தில் இருப்பதாலா?
– ஆசிரியர் ஒருவர், தூத்துக்குடி

உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவருக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். ஆனால் பாலோத்ராவிலிருந்து கடல் வெகு தூரம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்து, கிறிஸ்டி என்ற இரு அறிஞர்களும் உங்களைப் போலவே யோசித்தார்கள். கோடையில் வீசும் தென்மேற்குக் காற்று, கட்ச் ரண்ணிலிருந்து உப்புத் துகள்களை அள்ளி வந்து ராஜஸ்தானில் கொட்டுகிறது என்பது அவர்கள் வாதம். பல காலம் பாடப்புத்தகங்களில் இருந்தது. காற்றுக்கு ஒரு பங்கு இருக்கலாம். பெரும்பங்கு காலுக்கடியிலேயே இருக்கிறது என்பதுதான் பின்னால் வந்த ஆய்வுகளின் போக்கு.

ஆரவல்லியின் கடினப் பாறையில் விழும் மழைநீர் அதிக உப்பைக் கரைப்பதில்லை. அது பாறையில் தங்கும் நேரமும் குறைவு. சமவெளிக்கு வந்ததும் கணக்கு மாறுகிறது. பார்மேர்ப் பக்கம் ஆண்டு மழை சுமார் 270 மில்லிமீட்டர். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகக்கூடியது ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒவ்வொரு வெள்ளமும் கொஞ்சம் உப்பை விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

பாலோத்ராவுக்குக் கீழே சரிவு குறைகிறது. ஆறு சோம்புகிறது. நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு அருகில் வருகிறது. அந்த நீரே பழைய உப்புப் படிவங்களில் ஊறிக் கிடக்கும் நீர். வெயில் அதை மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலே இழுக்கிறது. பங்குனி, சித்திரையில் போனால் ஆற்றுப்படுகையில் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருப்பதைப் பார்க்கலாம். செருப்பால் மிதித்தால் அப்பளம்போல் நொறுங்கும். அடுத்த வெள்ளம் அந்தப் பொருக்கைக் கரைத்துக்கொண்டு கீழே போகிறது. மேலே இனிப்பாக இருந்த அதே தண்ணீர்தான். தொட்ட இடம் அதை மாற்றிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எல்லோருக்கும் பிடிக்காது. பிலாராவுக்கு அருகில் 1892இல் ஜஸ்வந்த் சாகர் கட்டப்பட்டது. 1933இல் சர்தார் சமந்த். ஜவாய் அணையின் வேலை 1946இல் தொடங்கி 1957இல் முடிந்தது. இவை இல்லாமல் பாலி மாவட்டத்துப் பாசனமும் ஊர்களின் குடிநீரும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலையிலிருந்து வந்த நல்ல வெள்ளம்தான் கீழ்ப்பகுதியின் உப்பை அவ்வப்போது கழுவிக்கொண்டு போனது. அதை மேலேயே நிறுத்திவிட்டோம். அணைக்கு மேலே இருப்பவர்களின் லாபக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. கீழே இருப்பவர்களின் நஷ்டக் கணக்கை நான் எந்தத் திட்ட அறிக்கையிலும் படித்ததில்லை.

● பச்பத்ரா உப்பு ஏரியில் முள்செடியைப் போட்டு உப்பு எடுப்பார்களாமே, உண்மையா?
– வாசகி, வேதாரண்யம்

உண்மை. பாலோத்ராவுக்குப் பக்கத்தில் இருக்கும் பச்பத்ராவில் கார்வால் என்ற சமூகத்தினர் பரம்பரையாகச் செய்கிற தொழில் அது. உங்கள் ஊரைப் போலக் கடல்நீரைப் பாத்தியில் கட்டுவதில்லை. குழி தோண்டுவார்கள், அடியிலிருந்து கெட்டியான உப்புநீர் தானாக ஊறும். அதில் மொராலி என்ற முட்புதரின் கிளைகளை வெட்டிப் போடுவார்கள். முள்ளைப் பிடித்துக்கொண்டு உப்பு படிகம் படிகமாக வளரும். கிளையை வெளியே எடுத்தால் கற்கண்டு காய்த்த மாதிரி இருக்கும். சோடியம் குளோரைடு மிகத் தூய்மையாக இருக்கும் உப்பு அது. நல்ல மழை பெய்தால் குழி நீர்த்துப்போய் அவர்களுக்கு அது கெட்ட ஆண்டு. மழையைச் சபிக்கும் பாலைவனத்துக்காரர்களை நான் அங்கேதான் சந்தித்தேன்.

● உப்புநீர் இருக்கும் இடத்தில் நல்ல தண்ணீர்க் கிணறுகளும் இருப்பதாகக் கட்டுரையில் ஒரு வரி வந்தது. கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள், அம்மா.
– விவசாயி, ராமநாதபுரம்

ஒரு வரியில் விட்டது இடப்பற்றாக்குறையால். உங்கள் மாவட்டத்துக்காரருக்கு இது முழுமையாகத் தெரிய வேண்டிய விஷயம்.

அந்தக் கிணற்றுக்குப் பார்மேர், ஜெய்சால்மேர்ப் பக்கம் பேரி என்று பெயர். வடக்கே போனால் கூயி. வாய் மிகக் குறுகல், ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து தோண்டும் அளவுதான். ஆழ்ந்த நிலத்தடி நீருக்கும் பேரிக்கும் சம்பந்தம் இல்லை. அந்த நீர் எங்கோ கீழே, வாயில் வைக்க முடியாத உப்பாக இருக்கிறது. பேரி அதைத் தேடிப் போவதே இல்லை.

மேலே மணல். மணலுக்கு அடியில் சில இடங்களில் ஜிப்சமும் களியும் கலந்த ஒரு கெட்டிப் பட்டை ஓடுகிறது. உள்ளூரில் கடியா பட்டி என்பார்கள். பெய்த மழை மணலில் இறங்கி இந்தப் பட்டையின் மேல் நின்றுவிடும். குளமாக நிற்காது, ஈரமாக நிற்கும். களிமண் காய்ந்தால் வெடிக்கும், வெடிப்பு வழியாக ஈரம் போய்விடும். மணல் வெடிப்பதில்லை. மேலே இரண்டு மூன்று முழம் காய்ந்த மணலே மூடியாகி, அடியில் இருக்கும் ஈரத்தை வெயில் தொடாமல் காக்கிறது. அந்த ஈரத்துக்குள் குறுகலாக ஒரு குழியை இறக்கினால், சுற்றிலும் இருக்கும் மணல் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து சில குடம் தண்ணீர் தரும். அகலமாகத் தோண்டினால் கசிவது பரவி ஆவியாகிவிடும், மொள்ளவும் வராது.

தோண்டுவது லேசான வேலை இல்லை. உள்ளே சூடு தகிக்கும், மூச்சுத் திணறும். மேலே நிற்பவர்கள் கைப்பிடி கைப்பிடியாக மணலை வேகமாகக் குழிக்குள் வீசுவார்கள்; மணலோடு புதுக்காற்றும் கீழே இறங்கும். தோண்டுபவர் தலையில் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருப்பார். பக்கச்சுவர் சரியாமல் இருக்க, கீம்ப் என்ற புதரின் நாரை முறுக்கித் தடித்த கயிறாக்கி, அதைச் சுருள் சுருளாக அடுக்கி உள்சுவர் ஆக்குவார்கள். கல் கிடைக்கும் இடத்தில் கல்.

பெண்ணாக இருந்ததில் எனக்கு ஒரு வசதி. அலுவலக ஜீப்பில் வந்த ஆண்கள் கிராமத் தலைவர் வீட்டுத் திண்ணையில் தேநீர் குடிக்கும்போது, நான் பேரிக்கரையில் பெண்களோடு உட்கார்ந்திருப்பேன். 'பாய்சா, இதைக் குடிக்காதே, அது ஒட்டகத்துக்கு' என்று ஒரு பாட்டி என் கையிலிருந்த குவளையைத் தட்டிவிட்டு, இருபது அடி தள்ளி இருந்த இன்னொரு பேரியிலிருந்து மொண்டு கொடுத்தார். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மானியை இரண்டிலும் இறக்கிப் பார்த்தேன். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிர்ணயம். ஒன்று முதல் வரம்பை ஒட்டி இருந்தது, மற்றது இரண்டாவது வரம்பைத் தாண்டியிருந்தது. முதலாவதைத் தோண்டியவர் பட்டையோடு நிறுத்தியிருக்கிறார். மற்றதில் ஒரு முழம் கூடுதலாக இறங்கிவிட்டார்கள்.

பட்டை ஓட்டையானால் மேலே இருக்கும் நல்ல தண்ணீர் கீழே உப்பில் வடிந்துவிடும். அதனால்தான் பேரிகள் இருக்கும் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவதை நான் கடைசி வரை எதிர்த்தேன். எல்லா நேரமும் என் பேச்சு எடுபடவில்லை.

● 2006இல் பார்மேரில் பெருவெள்ளம் வந்து மாதக்கணக்கில் வடியவில்லை என்று அப்போது தொலைக்காட்சியில் பார்த்தேன். மணலில் தண்ணீர் எப்படித் தேங்கும்?
– வாசகர், கடலூர்

மேலே சொன்ன அதே ஜிப்சம். இந்த முறை வில்லன் வேஷம்.

2006 ஆகஸ்ட் மாதம், ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதற்கும் அதிகமான மழை சில நாட்களில் பார்மேரில் கொட்டியது. பல ஆண்டுகளாகத் தண்ணீரே பார்க்காத ரோஹிலி என்ற ஓடை பெருக்கெடுத்து கவாஸ், மல்வா கிராமங்களை மூழ்கடித்தது. ராணுவமும் விமானப்படையும் படகில் மக்களை மீட்டன. பாலைவனத்தில் படகு என்று பத்திரிகைகள் படம் போட்டன.

மழை நின்றது, தண்ணீர் நிற்கவில்லை என்றால் சரி. இங்கே மழையும் நின்றது, தண்ணீரும் நின்றது. கவாஸ், உத்தர்லாய்ப் பகுதி ஜிப்சத்துக்குப் பேர் போனது. அங்கே சுரங்கமே இருக்கிறது. கிண்ணம் போன்ற தாழ்ந்த நிலம், அடியில் தண்ணீரை இறங்கவிடாத பட்டை. மேலே இருக்கும் மணல் முழுவதும் ஊறிய பிறகு போக வழி இல்லை. வெயில் குடித்து முடிக்க மாதங்கள் ஆயின. பழைய ஓடைத்தடத்தில் குடியிருப்பு வந்ததும் ஒரு காரணம். தண்ணீர் மறந்துபோன பாதையை மனிதர்கள் மனையாகப் பார்ப்பது கடலூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

● 2024 டிசம்பரில் ஜெய்சால்மேரில் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் பீறிட்டதே, அது மறைந்துபோன சரஸ்வதி நதியா?
– வாசகர்கள் பலர், எல்லா ஊர்களிலிருந்தும்

இல்லை.

அந்தச் சம்பவம் மோகன்கர் பகுதியில் நடந்தது. 800 அடிக்கும் மேல் துளையிட்டபோது தண்ணீர் அழுத்தத்தோடு வெளியே வந்து, துளையிடும் வண்டியே மண்ணுக்குள் புதைந்தது. சில நாட்களில் தானாக நின்றும் போனது. நீர் புகாத களிமண் அடுக்குக்குக் கீழே மணல் அடுக்கில் அழுத்தத்தில் கிடந்த தண்ணீர், அடுக்கைக் குத்தியதும் மேலே வந்தது. நெய்வேலிச் சுரங்கத்துக்கு அடியிலும் இப்படி அழுத்தத்தில் நீர் இருக்கிறது. சுரங்கம் மூழ்காமல் இருக்க இரவும் பகலும் இறைக்கிறார்கள். அதை யாரும் புராண நதி என்று சொல்வதில்லை. மோகன்கரில் வந்த நீர் உப்பாகவும் இருந்தது, வெள்ளைக் களியையும் கொண்டு வந்தது.

சரஸ்வதியோடு அடையாளம் காட்டப்படும் காக்கர்–ஹக்ரா தடம் அங்கிருந்து வடக்கே, சிந்துவெளிக் கால ஊரான காலிபங்கன் வழியாகப் போகிறது. அந்தத் தடத்து மணலை, மணல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று காட்டும் ஒளிர்வு முறையில் காலக்கணிப்புச் செய்து 2017இல் ஒரு முக்கியமான ஆய்வு வெளிவந்தது. இமயத்துப் பனிநீரைக் கொண்டுவந்த சட்லெஜ் அந்தப் பாதையைவிட்டுச் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் முழுமையாக விலகிவிட்டது என்பது அதன் முடிவு. சிந்துவெளி நகரங்கள் உச்சத்தில் இருந்தது சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன். ஆக, அவர்கள் குடியேறியது பேராறு கைவிட்டுப் போன, மழைவெள்ளம் மட்டும் வந்த பள்ளத்தாக்கில். எனக்கு அது இன்னும் சுவாரசியமாகப் படுகிறது. இதை மறுத்து, ஆறு அதற்குப் பிறகும் ஓடியது என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் நடக்கட்டும். ஒவ்வொரு துளைக்கும் ஒரு நதியைப் பிறப்பிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஜெய்சால்மேரில் உண்மையாகவே நல்ல தண்ணீர் இருக்கும் இடம் வேறு. லாட்டி மணற்கல் என்ற ஜுராசிக் காலப் பாறை அடுக்கு. சாந்தன் என்ற ஊரில் அதில் இறக்கிய குழாய்க் கிணறு பெயர் பெற்றது. இந்தப் பகுதியின் ஆழ்ந்த நீரை, நீரின் வயதைக் கணிக்கும் ஐசோடோப்பு முறையில் சோதித்தபோது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை என்று தெரிந்தது. இன்று பெய்யும் மழை அங்கே போய்ச் சேருவது மிகக் குறைவு. எடுத்தால் எடுத்ததுதான்.

● ஜோத்பூர் கோட்டை எரிமலைப் பாறையில் நிற்கிறது என்கிறார்கள். அதே ஊரில் வீடுகளின் நிலவறைகளில் தண்ணீர் ஊறுகிறதாம். இரண்டும் நம்பும்படியாக இல்லை.
– கட்டடப் பொறியாளர், கோயம்புத்தூர்

இரண்டும் உண்மை; ஒன்றுக்கொன்று உறவும் உண்டு.

மெஹ்ரான்கர் கோட்டையின் கீழ்ப்புறம் நின்று பாறையைப் பார்த்தால் செங்குத்தான பட்டகங்களாகப் பிளந்திருக்கும். சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பும் சாம்பலும் கெட்டிப்பட்டு உண்டான ரயோலைட் அது. மலானி எரிமலைத் தொகுதி என்று பெயர். ஜோத்பூர், சிவானா, ஜாலோர் என்று பல்லாயிரம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்த இடத்தைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. அதன்மேல் படிந்ததுதான் ஜோத்பூர் மணற்கல். உமைத் பவன் அரண்மனை அந்தக் கல்லால் கட்டியது.

ரயோலைட் தண்ணீரை உறிஞ்சாது. விரிசலில் மட்டுமே நீர் நிற்கும், விரிசல் வழியாக மட்டுமே நகரும். பழைய ஜோத்பூர் இதை அறிந்து கட்டப்பட்ட ஊர். பாறைமேல் வழியும் மழையைக் கால்வாயில் பிடித்து ராணிசர், பத்மசர் போன்ற ஏரிகளில் சேர்த்தார்கள். அங்கிருந்து விரிசல்களில் கசிந்தது கீழே நகரத்துப் படிக்கிணறுகளில் ஊறியது. ஊர் முழுவதும் அதை இறைத்துக் குடித்தது. வரவும் செலவும் சரியாக இருந்தது.

1990களின் இறுதியில் ராஜீவ் காந்தி ஏற்றுக் கால்வாய் வழியாகப் பஞ்சாபிலிருந்து இமயத்துத் தண்ணீர் ஜோத்பூருக்கு வந்தது. வீட்டுக்கு வீடு குழாய். படிக்கிணறுகளை யாரும் சீண்டவில்லை; பலவற்றில் குப்பை கொட்டினார்கள். வரவு பெருகிச் செலவு நின்றது. கால்வாய் நீரைத் தேக்கும் கைலானா ஏரியிலிருந்து விரிசல் வழியாகக் கசிகிறது என்று ஒரு சாரார், குழாய்களும் சாக்கடையும் ஒழுகுகின்றன என்று ஒரு சாரார். நிபுணர்கள் நிறையவே சண்டை போட்டோம். என் கணிப்பில் இரண்டுக்கும் பங்கு உண்டு, இறைப்பதை நிறுத்தியது எல்லாவற்றையும்விடப் பெரியது. பழைய நகரத்துக் கடைகளின் நிலவறைகளில் மோட்டார் போட்டுத் தண்ணீரை வெளியேற்றுவதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அஸ்திவாரத்தைப் பார்த்தால் வராது.

இதே கதை வடக்கே ஹனுமன்கர் மாவட்டத்தில், இந்திரா காந்தி கால்வாய்ப் பாசனத்தில், வயல் அளவில் நடந்திருக்கிறது. அடியில் கெட்டிப் பட்டை இருக்கும் நிலத்தில் தாராளமாகப் பாய்ச்சினார்கள். நீர்மட்டம் ஏறி வயல்களே உவர்ச் சதுப்பாயின. சேம் என்று அதற்கு உள்ளூர்ப் பெயர்.

● வெறும் 250 மி.மீ. மழையை வைத்து ஒரு குடும்பம் ஓராண்டு குடிக்க முடியுமா?
– கல்லூரி மாணவி, விருதுநகர்

நீங்களே கணக்குப் போடலாம். டாங்கா என்பது தரைக்கடியில் கட்டிய மூடிய தொட்டி. அதைச் சுற்றி வாய்க்குச் சரிவாக, சாணமும் மண்ணும் இட்டு இறுக்கிய சுத்தமான முற்றம். நூறு சதுர மீட்டர் முற்றத்தில் 250 மில்லிமீட்டர் மழை என்றால் 25,000 லிட்டர். பாதி மண்ணோடு போனாலும் 12,500. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு லிட்டர் என்றால், ஐந்து பேருக்கு ஆண்டுக்கு 12,775 லிட்டர். ஏறக்குறைய சரியாகிவிடுகிறது. குளிக்கவும் துவைக்கவும் வேறு தண்ணீர் வேண்டும். அது கொஞ்சம் உப்பாக இருந்தால் பாதகமில்லை. முற்றத்தில் செருப்போடு நடந்தால் உதை விழும்.

டாங்கா நீரில் ஃபுளோரைடு கிடையாது என்பது கூடுதல் லாபம். ஆழ்ந்த கிணற்று நீர் குடித்துப் பல் பழுத்து, முதுகு வளைந்த மனிதர்களை நாகோர்ப் பக்கம் பார்த்திருக்கிறேன். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாத இடத்தில் பல மடங்கு இருக்கும் கிணறுகள் அவை.

● சீமைக்கருவேல மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிடும் என்று இங்கே சொல்கிறார்கள். ராஜஸ்தானிலும் அது உண்டா?
– வாசகர், சிவகங்கை

நிறைய. ஜோத்பூர் சமஸ்தானம் 1940இல் அதை ராஜமரமாக அறிவித்து வளர்த்தது. மணல் பறக்காமல் நிற்கவும் விறகுக்கும் உதவும் என்பது எண்ணம். இரண்டும் நடந்தது, கூடவே மேய்ச்சல் நிலமும் போனது. நீர்மட்டம் ஆழமாகப் போன ஊர்களில் பழியை மரத்தின்மேல் போட்டுவிட்டு மோட்டார் பம்புகளைப் பற்றிப் பேசாமல் இருப்பது எல்லா மாநிலத்துக்கும் பொது. அங்கே உள்ளூர் மரம் கேஜ்ரி, நம் வன்னி. அதன் நிழலில் கம்பு விளையும். சீமைக்கருவேலத்தின் கீழே ஒன்றும் விளையாது. வெட்டலாம் என்பதற்கு எனக்கு அந்தக் காரணம் போதும்.

● சாயப்பட்டறைக் கழிவு அங்கேயும் பிரச்சினையா?
– வாசகர், திருப்பூர்

ஆமாம். பாலி நகரத்துக் கழிவு பாண்டி ஆற்றில், ஜோத்பூர்க் கழிவு ஜோஜரியில், பாலோத்ராக் கழிவு நேராக லூணியில். மழைக்காலத்தில் மட்டும் ஓடிய ஆறுகள் இப்போது ஆண்டு முழுவதும் ஓடுகின்றன, இந்தத் திரவத்தால். முதல் பதிலில் சொன்னேனே, ஆற்று மணல் தண்ணீரைக் கீழே இறக்கிச் சேமிக்கிறது என்று. அதே வேலையை அது கழிவுக்கும் செய்கிறது. மணலுக்குப் பாகுபாடு தெரியாது. பாண்டியின் கீழே நேஹ்டா அணை பாசனத்துக்காகக் கட்டியது. அதில் சேர்ந்த சாய நீரைச் சுற்றுவட்டாரக் கிணறுகள் பெற்றுக்கொண்டன. சோடியம் ஏறிய நீர் பாய்ந்தால் களிமண் இறுகிப் பாளம் பாளமாகிவிடும். விதை முளைத்தாலும் வெளியே வராது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியிருக்கிறார்கள். நிறத்தை எடுப்பது ஒப்பீட்டளவில் எளிது, உப்பை எடுப்பதுதான் செலவு. எனவே தெளிந்த நீர் என்று காட்டுவதைக் குவளையில் பார்த்து நம்பாதீர்கள், மானியில் பாருங்கள். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஜோஜரி மாசுபாட்டைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. உங்கள் ஊர் நொய்யல் வழக்கைப் பார்த்தவர் நீங்கள். தீர்ப்புக்கும் கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

● தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதைப் பற்றி உங்கள் கருத்து?
– வாசகர், நாமக்கல்

தேங்காய்க்குச் சட்னியில் நல்ல எதிர்காலம் இருக்கிறது.

● நர்மதைத் தண்ணீர் ராஜஸ்தானுக்கு வந்துவிட்டதே, இனிப் பிரச்சினை தீருமா?
– வாசகர், சென்னை

2008 மார்ச் மாதம் ஜாலோர் மாவட்டத்துச் சாஞ்சோரில் வந்து சேர்ந்தது. சொட்டுநீர் அல்லது தெளிப்புநீர் முறையில்தான் பாய்ச்ச வேண்டும் என்று தொடக்கத்திலேயே விதி வைத்தார்கள். இந்திரா காந்தி கால்வாயில் பட்ட அடியிலிருந்து கற்றது அது, பாராட்டுகிறேன். ஆனால் சாஞ்சோர் லூணியின் கடைப்பகுதி. அடியில் உப்புநீர் ஆழமில்லாமல் இருக்கிறது. விதியைத் தளர்த்தினால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உப்பு மேலே வரும். வடிகால் அமைக்காத பாசனத்தைப் பாலைவனம் மன்னிப்பதில்லை.

● நிலவியல் முதுகலை படிக்கிறேன். டிசம்பரில் நண்பர்களோடு ஜோத்பூர் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும், மேடம்?
– மாணவர், சேலம்

கோட்டைக்கு உள்ளே போகும் முன் வெளியே பாறையில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். ரயோலைட்டுக்கு மேல் மணற்கல் வந்து உட்காரும் எல்லைக்கோட்டைத் தேடிப் பிடியுங்கள். இரண்டுக்கும் இடையே பல கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கின்றன. அதற்கும் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். பழைய நகரத்தில் தூர்ஜி படிக்கிணறு. பிறகு பிலாராவின் சுண்ணாம்புக்கல், போருந்தா பக்கம் அந்தக் கல்லின் பொந்துகளில் நின்ற தண்ணீரை இறைத்தே தீர்த்த கதையை விவசாயிகளிடமே கேளுங்கள். சிவானாவின் கிரானைட் மலைகள் உங்கள் பேராசிரியருக்குப் பிடிக்கும், அரிய மண் தனிமங்கள் இருப்பதால். பார்மேரில் 2004இல் கண்டுபிடித்த மங்களா எண்ணெய் வயலுக்குள் அனுமதி இல்லாமல் போக முடியாது; முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஜோத்பூரிலிருந்து பார்மேருக்குப் பாலோத்ரா வழியாக ரயில் இருக்கிறது. பகல் வண்டியில் போங்கள். கையடக்க மானி ஒன்றும் காலி பாட்டில்களும் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் இடத்தின் பெயரையும் கிணற்றின் ஆழத்தையும் அங்கேயே எழுதிவிடுங்கள், அறைக்குத் திரும்பி எழுதினால் குழம்பும். கிணற்றுக்காரரிடம் கேட்காமல் வாளியை இறக்காதீர்கள்.